மறுபடியும் 1022

1022-இலிருந்து 13-ஐக் கழியுங்கள். 1009. அதிலிருந்து இன்னொரு 13. 996. இன்னொன்று. 983. வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து செய்தால் இது ஒரு பெரிய வேலையில்லை. இதையே ஓர் அறையில், மைக்கின் முன்னால் நின்றுகொண்டு, வேகமாகச் செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே மேசைக்குப் பின்னால் முன்பின் தெரியாத சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, முறைக்கவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. ஒரு வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. 983-க்கு அடுத்து 960 என்று வாயில் வந்துவிடுகிறது. "தவறு. மறுபடியும் 1022-இலிருந்து" என்கிறது மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை இது. முதலில் ஐந்து நிமிடம் வேலைக்கு விண்ணப்பிப்பவரைப் போல ஒரு பேச்சு, பிறகு ஐந்து நிமிடம் இந்தக் கழித்தல் கணக்கு. அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில் நாடித் துடிப்பு எகிறியது. கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்ந்தது. மனிதரைக் காயப்படுத்தாமல், பட்டினி போடாமல், பயமுறுத்தாமல், உடம்பில் மன அழுத்தத்தை வரவழைக்க விஞ்ஞானிகளுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அவர்கள் கண்டுபிடித்த வழியில் பாதி, நாலு பேர் முன்னால் ஒருவரின் தப்பை ஈரமில்லாமல் சொல்வது. உலகம் முழுவதும் ஆய்வகங்களில் இன்றுவரை இது பயன்படுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. பதினேழாம் வாய்ப்பாடு. வகுப்பின் முன்னால் நின்று ஒப்பிக்கவேண்டும். எங்கே சறுக்கினாலும் "முதல்லேர்ந்து" என்பார் ஆசிரியர். நான் ஏழாவது வரியில் மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை விழுந்தபோது எனக்குப் பதினேழும் ஏழும் மனத்தில் இல்லை. கடைசி பெஞ்சின் சிரிப்பு இருந்தது, என் காது சுடுவது தெரிந்தது. 119 என்ற எண் எனக்கு வீட்டிலேயே தெரியும்.

கேள்வி இதுதான். ஒருவரின் தப்பை நாம் சுட்டிக்காட்டும் அந்த நொடியில் அவருடைய கவனம் எங்கே போகிறது? தப்பின் மேலேயா, தன் மேலேயா?

இந்தக் கேள்வியை 1996-இல் அவ்ராம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிஸி என்ற இரு உளவியலாளர்கள் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார்கள். "நீ செய்தது இப்படி இருக்கிறது" என்று ஒருவருக்குச் சொல்வதால் அவருடைய வேலை மேம்படுகிறதா என்பது பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டினார்கள். 600-க்கும் மேற்பட்ட ஒப்பீடுகள், 23,000-க்கும் மேற்பட்ட அளவீடுகள். சராசரியாகப் பார்த்தால் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஒப்பீடுகளில், சொன்னதற்குப் பிறகு வேலை முன்பைவிட மோசமாகிவிட்டது. சொல்லாமலே விட்டிருக்கலாம் என்ற அளவுக்கு. அவர்கள் தந்த விளக்கம், திருத்தம் செய்கிற வேலையின் மேல் கவனத்தைக் குவித்தால் பலன் கூடுகிறது, "நான் யார், என்னை என்னவென்று நினைக்கிறார்கள்" என்பதன் மேல் திருப்பிவிட்டால் பலன் கரைகிறது என்பது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, பாராட்டுகூடப் பலனைக் குறைத்தது என்ற செய்தி. முதலில் புகழ்ந்து, நடுவில் குறையைச் சொல்லி, கடைசியில் மறுபடி புகழும் முறையை அலுவலகப் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றும் வேலை அது. பழமும் ஊசியும் இரண்டுமே ஆளைப் பற்றியவை. தப்பு எங்கே, எப்படி என்பது நடுவில் காணாமல் போய்விடுகிறது.

2019-இல் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்ளர், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் செய்த சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள். ஒன்று தப்பென்றால் மற்றது சரி. ஆகவே "உன் விடை சரி" என்று சொன்னாலும் "உன் விடை தப்பு" என்று சொன்னாலும் கிடைக்கும் தகவல் ஒன்றேதான். ஆனால் "தப்பு" என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள். அதே தப்பை வேறொருவர் செய்வதைப் பார்த்தவர்களோ நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். மூளைக்குப் புரியாததல்ல சிக்கல். தன்மானம் அடிபட்டதும் காது மூடிக்கொள்கிறது.

தமிழில் நாம் இதையெல்லாம் முகத்தை வைத்தே பேசுகிறோம். முகத்தில் அடித்தாற்போலச் சொன்னான், முகம் சுண்டிப்போயிற்று, முகம் கொடுத்துப் பேசவில்லை, முகதாட்சண்யத்துக்காக ஒப்புக்கொண்டேன். இது நம் வழக்கு மட்டுமில்லை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955-இல் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே பேசும் விதத்தைப் பற்றி எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதைப் பேச்சுக்கு ஒரு பொதுக் கோட்பாடு வகுத்தார்கள். உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் படிக்கும் கோட்பாடு அது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்ஸெல்டால், தமிழ். தமிழுக்கான பேச்சு கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தது. "அந்தச் சாமானைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தீங்கன்னா..." என்று இழுத்து நிறுத்துவதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் பேசிக் காட்டியிருக்கிறார்கள்.

இனி, எல்லாத் தப்பும் ஒன்றில்லை. "வாய் தவறி வந்துவிட்டது", "கை தவறி விழுந்துவிட்டது" என்கிறோம். "தப்பாகப் புரிந்துகொண்டேன்" என்பது வேறு. முதலாவதில் சரி எது என்று ஆளுக்குத் தெரியும், உடம்பு நழுவிவிட்டது. இரண்டாவதில் மனத்தில் இருக்கும் படமே பிழை. மனிதத் தவறுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய இடம் கொடுத்தார். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது.

கை தவறிய தப்பை முதலில் கண்டுகொள்வது தப்பு செய்தவரின் மூளைதான். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். தலையில் மின்முனைகள் பொருத்திய ஒருவர் அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்துகிறார். அழுத்திய 0.1 நொடிக்குள் மூளையின் முன்நடுப் பகுதியிலிருந்து ஒரு மின் அலை எழுகிறது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே. நம் நாக்கு "அது வந்து..." என்று தொடங்கும்போது அவருக்குள் மணி அடித்து முடிந்திருக்கும்.

அதனால்தான் நல்ல பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விடப்படுகிறது. 1977-இல் இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ் மூவரின் பெயரில் வந்த கட்டுரை, சாதாரண உரையாடல்களை மூச்சு விடும் இடம் உட்பட எழுதி வைத்துப் பார்த்ததன் விளைவு. மனிதர்கள் பிறரைத் திருத்துவதைவிட, அவர்களே திருத்திக்கொள்ள இடம் கொடுப்பதையே விரும்புகிறார்கள் என்று அது காட்டியது. கேட்பவர் ஒரு கணம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்குள் பேசுபவரே சரிசெய்துகொள்கிறார். இல்லையென்றால் மட்டும் ஒரு சின்னக் கேள்வி.

"நேத்து சாயங்காலம் மதுரையில இறங்கினதும் மாமா வீட்டுக்கு..."

"மதுரையிலயா?"

"இல்ல இல்ல, திண்டுக்கல்ல."

அந்த ஒற்றை 'ஆ'வைப் பாருங்கள். தப்பு என்ற சொல் வரவில்லை, யாரும் தோற்கவில்லை, ஊர் சரியாகிவிட்டது. மார்க் டிங்கமான்ஸேயும் குழுவினரும் பன்னிரண்டு மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவுசெய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒருவர் பேச்சை மற்றவர் நிறுத்தித் தெளிவு கேட்பது சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தது. நாள் முழுவதும் நாம் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டேதான் இருக்கிறோம். மென்மையாகச் செய்வதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

என் தங்கைக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு ஒரு டீச்சர் வருவார். சரளி வரிசை, மாயாமாளவகௌளை. அந்த ராகத்தின் 'ரி' ஸட்ஜமத்தை ஒட்டினாற்போல் நிற்கவேண்டியது. புதிதாகப் பாடும் பிள்ளைகளுக்கு அது மேலே ஏறிவிடும். டீச்சர் முதலில் அதைப் பாடிக் காட்டினார். தங்கை தலையாட்டிவிட்டு மறுபடியும் அதே உயரத்தில் பாடினாள். டீச்சர் இன்னொரு தடவை பாடினார். அவள் இன்னொரு தடவை அப்படியே. தன்னோடு சேர்ந்து பாடுகிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சர் பாடுவதை நிறுத்தினார். சுருதிப் பெட்டியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். "உன் ரி எங்க நிக்குதுன்னு நீயே கேளும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தங்கை கண்ணை மூடிக்கொண்டு, 'ஸ' பிடித்து, 'ரி'யைத் தொட்டு, தானே கொஞ்சம் கீழே இறங்கினாள். மறு வாரம் வேறொரு ஸ்வரத்தில் காதுக்கே வித்தியாசம் பிடிபடவில்லை. அப்போது டீச்சர் தயங்கவில்லை. "இது நீ பாடினது" என்று அதைப் பாடினார். "இது சரியானது" என்று இதைப் பாடினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அன்று நான் பார்த்ததைப் பல வருடம் கழித்து ஓர் ஆய்வில் படித்தேன். கனடாவில் பிரெஞ்சு வழியாகப் பாடம் படிக்கும் குழந்தைகளின் வகுப்புகளை ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் பதிவுசெய்து 1997-இல் எழுதியது. பிள்ளை தப்பாகச் சொன்ன வாக்கியத்தை ஆசிரியர் சரியாகத் தான் திருப்பிச் சொல்லிவிடுவதுதான் அங்கே மிக அதிகம், பாதிக்கும் மேல். ஆனால் அப்படிச் செய்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடவைகளில்தான் பிள்ளைகளிடம் ஏதாவது எதிர்வினை இருந்தது. திருத்தம் நடந்ததே பலருக்குத் தெரியவில்லை. விடையைப் பிள்ளையிடமிருந்தே வரவழைக்கும் கேள்விகள் அதைவிட நன்றாக வேலை செய்தன. மென்மை மட்டும் போதாது, சொன்னது போய்ச் சேரவேண்டும்.

போய்ச் சேராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு விமானத் துறையிடம் ரத்தத்தில் எழுதிய பாடம் இருக்கிறது. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளின் டெனெரிஃப் விமான நிலையம். மூடுபனி. கேஎல்எம் ஜம்போ ஜெட்டின் தலைமை விமானி அந்த நிறுவனத்தின் மிக மூத்தவர்களில் ஒருவர். அவர் புறப்பட எந்திரத்தை முடுக்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி ஒருமுறை நிறுத்தினார். சற்று நேரத்தில் தலைமை விமானி மறுபடியும் முடுக்கினார். இந்தத் தடவை துணை விமானி தடுக்கவில்லை. ஓடுபாதையில் ஓடத் தொடங்கிய பிறகு, எதிரில் இருந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானி அறையிலிருந்த பொறியாளர் கேள்வியாகக் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 28-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அருகே, சக்கரக் கோளாறில் மூழ்கியிருந்த தலைமை விமானியிடம் எரிபொருள் தீர்ந்துவருவதை உடனிருந்தவர்கள் உறைக்கும்படி சொல்லவில்லை. விமானம் எரிபொருளின்றி விழுந்து 10 பேர் இறந்தார்கள். இதன் பிறகுதான், 1979-இல் நாசா கூட்டிய பட்டறையில் தொடங்கி, விமானிக் குழுக்களுக்குப் பேசப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் வந்தது. இளையவர் அழுத்திச் சொல்லக் கற்றுக்கொள்கிறார், மூத்தவர் கேட்கக் கற்றுக்கொள்கிறார்.

தாட்சண்யம் வேறு, தயவு வேறு. தாட்சண்யம் தப்பை மூடி வைக்கும். தயவு தப்பைத் திறந்து காட்டி, ஆளை மூடிப் பாதுகாக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்காகக் கடுமை இருந்தால்தான் உறைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லவேண்டும். குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 24 மருத்துவக் குழுக்கள் ஒரு பயிற்சி நோயாளியைக் கவனித்தன. ஏறக்குறைய பாதிக் குழுக்களிடம், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமான ஒருவர், அந்நாட்டு மருத்துவத்தின் தரத்தைப் பற்றி லேசாக மட்டம் தட்டிப் பேசினார். அவ்வளவே. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்திருந்தன. 2015-இல் வெளியான ஆய்வு இது. திட்டு வாங்கியவர் மேலும் தப்பு செய்கிறார். அந்தத் தப்புக்காக மறுபடியும் திட்டு வாங்குகிறார்.

தப்பாகப் புரிந்துகொண்ட தப்புக்கு வருவோம். இதற்கு இடைவெளி விட்டால் பலனில்லை, ஏனென்றால் உள்ளே மணி அடிக்காது. இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும், ஆனால் "அது இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. ஹாலின் ஜான்சனும் காலீன் சீஃபெர்ட்டும் 1994-இல் சிலரை ஒரு கிடங்குத் தீ விபத்தின் செய்திகளைப் படிக்க வைத்தார்கள். அலமாரியில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு சிலிண்டர்களும் இருந்தன என்று முதலில் ஒரு செய்தி. பிறகு, அது தவறு, அலமாரி காலியாக இருந்தது என்று மறுப்பு. மறுப்பைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்களும்கூட, புகை ஏன் கறுப்பாக இருந்தது என்று கேட்டால் பெயின்ட்டைத்தான் காரணம் காட்டினார்கள். வேண்டுமென்றே தீ வைத்ததற்குத் தடயம் கிடைத்தது என்று இன்னொரு காரணத்தைக் கொடுத்த பிறகே பெயின்ட் பெரும்பாலும் விலகியது. கதையில் ஓட்டை விழுந்தால் மனம் பழைய துணியையாவது வைத்து அடைத்துக்கொள்ளும்.

ஒரு கிராம சுகாதார செவிலியர் இதைச் செய்ததை நேரில் கேட்டிருக்கிறேன். பேரனுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பாட்டி குவளையைத் தள்ளி வைத்திருந்தார். செவிலியர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்றது நெசந்தான் ஆத்தா, போறது பூரா தண்ணிதான். அதனாலதான் பிள்ள துவண்டு கெடக்கு. போனத நாமதான திருப்பிக் குடுக்கணும்? வெறும் தண்ணி நிக்காது. இந்தப் பொட்டலத்துல உப்பும் சக்கரையும் இருக்கு, ரெண்டும் சேந்தா குடல் தண்ணிய உள்ள இழுத்துக்கும்." அவர் சொன்னது சரியான அறிவியல். சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாயில் வழியாகச் சேர்ந்து குடற்சுவருக்குள் நுழைகின்றன, தண்ணீர் பின்னாலேயே போகிறது. பாட்டி கண்ணால் பார்த்ததை அவர் மறுக்கவில்லை. அதிலிருந்து பிறந்த முடிவை மட்டும் மாற்றி, காலியான இடத்தில் ஒரு காரணத்தை வைத்தார். பாட்டியே கரண்டியை எடுத்தார்.

அடித்துப் பேசுபவரைத் திருத்த முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பொது அறிவுக் கேள்விகளைக் கொண்டு பிரேடி பட்டர்ஃபீல்டும் ஜேனட் மெட்காஃபும் 2001-இல் கண்டது இதற்கு நேர்மாறு. மிகுந்த உறுதியோடு சொன்ன தப்பு விடைகள்தான், சரியான விடையைக் கேட்ட பிறகு, அதிகமாகத் திருந்தின. வியப்பு கவனத்தை இழுக்கிறது. அங்கே கூட்டமில்லை, கேலி செய்ய ஆளில்லை. பிடிவாதத்தின் வேர் பெரும்பாலும் நம்பிக்கையில் இல்லை, முகத்தில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தனியாக அழைத்துச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்தினார்கள். ஓரத்தில் குறிப்புகள், கேள்விகள், எல்லாம் உள்ளபடியே. கட்டுரைகளோடு ஒரு துண்டுச் சீட்டும் போனது. சிலருக்குச் சாதாரணச் சீட்டு. மற்றவர்களின் சீட்டில் மட்டும்: உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்ற பொருளில். டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹனும் பிறரும் 2014-இல் வெளியிட்ட இந்தச் சிறிய ஆய்வில், சாதாரணச் சீட்டு பெற்ற கறுப்பினப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேர்தான் கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள். இந்தச் சீட்டு பெற்றவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல். ஒரு திருத்தத்தையும் குறைக்கவில்லை. எதற்காகத் திருத்துகிறேன் என்பதை மட்டும் சொன்னார்கள்.

இன்று இரவு பிள்ளையின் கணக்கு நோட்டைப் பார்க்க உட்காருவீர்கள். தப்பான வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். விடையை எழுதாதீர்கள், சிவப்பால் அடிக்காதீர்கள், "முதல்லேர்ந்து" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.